விழா நாள் கூட்டத்தை நம்பி சுங்கை சிப்புட்டில் பார் திறக்கலாமா?

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து இப்போது கே.எல்.-இல் (கோலாலம்பூரில்) வேலை பார்க்கும், என்னைப் போலவே கே (ஆணை விரும்பும் ஆண்) ஆன தம்பி ஒருவர் கேட்டிருந்தார்: “அண்ணே, நியூ இயர் ராத்திரி நம்ம ஆளுங்க போற இடத்துல கால் வைக்க இடம் இல்ல. தீபாவளி முடிஞ்சு வந்த சனிக்கிழமையும் அப்படித்தான். அதுல பாதிப் பேர் பேராக், கெடா தோட்டத்துப் பிள்ளைங்க. இவ்வளவு தூரம் வந்து செலவு பண்றாங்களே, ஊர்லயே சின்னதா ஒரு கே பார் போட்டா ஓடாதா? இ.பி.எஃப். சேமநிதி மூணாவது கணக்குல கொஞ்சம் காசு இருக்கு.”

ஓடாது, தம்பி. அந்தக் காசைத் தொடாதீர்கள்.

போலீஸ், சட்டம், சமய இலாகா என்று எல்லாரும் முதலில் சொல்லும் காரணங்களுக்குப் பிறகு வருகிறேன். அவை எதுவுமே இல்லையென்றாலும் ஓடாது என்பதுதான் என் கணக்கு. நீங்கள் பார்த்தது விழா நாள் கூட்டம். கடை வாடகையைக் கட்டுவது செவ்வாய்க்கிழமை ராத்திரி பத்து மணிக்கு வந்து, வழக்கமான நாற்காலியில் உட்காரும் எட்டுப் பேர். அந்த எட்டுப் பேர் கே.எல்.-இலேயே கரைந்துபோய்விட்டார்கள். அவர்கள் வருஷத்தில் நாலு ராத்திரி மட்டும் வெளியே வருகிறார்கள். அந்த நாலு ராத்திரியில்தான் நீங்கள் போய் நின்றிருக்கிறீர்கள்.

நான் இந்தத் தொழிலில் இருந்தது லாரிப் பக்கம். மதுபானம் மொத்தமாக எடுத்துக் கடைகளுக்குப் போடும் ஒரு கம்பெனியில் பல வருஷம் ஆர்டர் எடுத்தேன். புக்கிட் பிந்தாங் சுற்றுவட்டாரம் என் பகுதி. நம் ஆட்கள் போகும் கடைகளும் அதில் உண்டு. நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன் என்பதால் சரக்கு இறக்கிய பிறகும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். ஒரு கடை எப்படி இருக்கிறது என்று தெரிய ஆர்டர் புத்தகத்தைப் பார்த்தால் போதும். ஆரம்பத்தில் வாரத்துக்கு இரண்டு தடவை சரக்கு கேட்ட கடைகள், பிறகு வாரத்துக்கு ஒன்று, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று இறங்கின. ஆனால் டிசம்பர் கடைசி வார ஆர்டர் மட்டும் இறங்கவே இல்லை, ஏறியது. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு அது வளர்ச்சி. கணக்கு எழுதுகிறவனுக்கு வயிற்றைக் கலக்கும்.

இது நம் நாட்டு நோய் மட்டும் அல்ல. லண்டனில் 2006-இல் 125 இருந்த இப்படிப்பட்ட இடங்கள் 2017-இல் 53 ஆகிவிட்டன என்று அங்குள்ள யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் எண்ணிச் சொன்னார்கள். அமெரிக்காவில் கிரெகர் மேட்சன் என்ற சமூகவியலாளர் பழைய வழிகாட்டிப் புத்தகங்களையும் பட்டியல்களையும் வைத்துக் கணக்கெடுத்தார். 2007-க்கும் 2019-க்கும் இடையில் கே பார்கள் 36.6 விழுக்காடு குறைந்திருந்தன. சட்டம் பாதுகாக்கும் ஊர்களின் கதை இது. அங்கே வாடகை ஏறியது ஒரு காரணம். சாதாரண பார்களிலேயே கூச்சமில்லாமல் கைகோத்து உட்கார முடிந்தது இன்னொரு காரணம். மூன்றாவது காரணம் நமக்கும் அவர்களுக்கும் பொது. 2009-இல் கிரைண்டர் என்ற, பக்கத்தில் இருக்கும் கே ஆண்களைக் காட்டும் போன் செயலி வந்தது. முன்பெல்லாம் இன்னொருவனைப் பார்க்க வேண்டுமென்றால் ஓர் இடத்துக்குப் போய் ஒரு பீர் வாங்கித்தான் ஆகவேண்டும். பார்க்காரன் விற்றது அந்தப் பார்வையைத்தான். பீர் அதற்கான நுழைவுக் கட்டணம். போன் அதை இலவசமாகக் கொடுத்ததும் வார நாள் வியாபாரம் படுத்துவிட்டது.

மலேசியாவில் பேங்காக் சீலோம் மாதிரி கே பார்கள் வரிசையாக நிற்கும் ஒரு தெரு என்றைக்குமே இருந்ததில்லை. சாதாரணக் கடை ஒன்று வாரத்தில் ஒரு ராத்திரி மட்டும் நம் பக்கம் திரும்பும். சங்காட் புக்கிட் பிந்தாங்கில் ஃபிராஞ்சிபானி என்ற சாப்பாட்டுக் கடையின் மாடி பார் வெள்ளிக்கிழமை மட்டும் அப்படி இருந்தது பலருக்கு நினைவிருக்கும். ப்ளூ பாய் மாதிரிப் பல்லாண்டு நின்ற டிஸ்கோ அபூர்வம். கோவிட் வந்தபோது 2020 மார்ச் 18-இல் பூட்டிய இரவு விடுதிகளுக்கு 2022 மே 15-இல்தான் திறக்க அனுமதி கிடைத்தது. இரண்டு தீபாவளி, இரண்டு நியூ இயர், இரண்டு சீனப் பெருநாள் கடை பூட்டியே கிடந்தது. வாடகையைத் தாங்க முடியாதவர்கள் போய்விட்டார்கள். தாங்கியவர்கள் திறந்து பார்த்தால் வாடிக்கையாளர்கள் வீட்டில் குடிக்கப் பழகியிருந்தார்கள்.

இனி விழாக் கணக்கு. வெள்ளைக்காரன் ஊர் கதையைப் படித்துவிட்டு நம் ஊரை அளக்கிறவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். அமெரிக்காவில் நன்றி நவிலல் நாளும் கிறிஸ்துமஸும் கே பார்களுக்குப் பெரிய நாள்கள். வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர்களும் போகப் பிடிக்காதவர்களும் அங்கே கூடுவார்கள். முதலாளி வான்கோழி வறுத்து இலவசமாகப் போடுவார். நம் பிள்ளைகளுக்கு நேர்மாறு. அப்பாவோடு பேச்சே இல்லை என்றாலும் தீபாவளிக்கு வீட்டுக்குப் போயாக வேண்டும். எண்ணெய் தேய்க்க அம்மா காத்துக்கொண்டிருப்பாள். அதனால் தீபாவளிக்கு முதல் நாள் கே.எல். பாரில் தமிழ்ப் பேச்சே கேட்காது. எல்லாரும் டி.பி.எஸ். பஸ் நிலையத்தில், இல்லை நெடுஞ்சாலை ஜாமில். விழா முடிந்து, “எப்போ கல்யாணம்?” என்ற கேள்வியை நாலு அத்தைமாரிடம் வாங்கிக்கொண்டு திரும்பி வருகிற முதல் சனிக்கிழமைதான் நீங்கள் பார்த்த கூட்டம். அது கொண்டாட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். பாதி அது மூச்சு விடுவது.

குடியின் நாள்காட்டியையும் பாருங்கள். புரட்டாசி பிறந்தால் நம் ஆட்களில் பாதிப் பேர் கவிச்சி தொட மாட்டார்கள், அதோடு தண்ணியும் நிற்கும். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை தமிழ்ப் பாட்டு ராத்திரி என்று எந்தக் கடை போட்டாலும் விளங்காது. பிறகு தீபாவளி வெள்ளம். அது வடிவதற்குள் கார்த்திகை மாலை. அதன் பின்னாலேயே தைப்பூச விரதம். 2026-இல் தைப்பூசம் பிப்ரவரி 1-இல் விழுந்தது; 48 நாள் விரதம் எடுத்தவர்கள் டிசம்பர் நடுவிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். நியூ இயர் ராத்திரி அதற்கு நடுவில். அன்றைக்குக் கடைக்கு வருவார்கள், ஆடுவார்கள், ஆனால் கையில் 100 ப்ளஸ் குளிர்பான டின். ஒரு வருஷம் ஒரு கடைக்காரர் என்னைக் கூப்பிட்டுச் சண்டைக்கே வந்தார்: “ஆளு இருநூறு, பீர் போகல, என்ன சரக்கு குடுத்தே?” சரக்கில் கோளாறு இல்லை, தவுக்கே, முருகன் பிடித்து வைத்திருக்கிறார் என்றேன். அவருக்குப் புரிய வைக்க பத்து மலை வரைக்கும் போக வேண்டியிருந்தது. அடுத்த வருஷத்திலிருந்து அந்த மனிதர் நியூ இயருக்கு நுழைவுக் கட்டணத்தை ஏற்றி, பீர் ஆர்டரைக் குறைத்துவிட்டார். வியாபாரி.

சீனப் பெருநாளுக்கு முதலாளிகளே கடையைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போவார்கள். நோன்பு மாதத்தில் மலாய் நண்பர்கள் வர மாட்டார்கள், பெருநாளுக்குக் கே.எல்.-ஏ காலியாகும். பொது விடுமுறையில் ஆளை வேலைக்கு வைத்தால் வேலைச் சட்டப்படி விடுமுறைச் சம்பளத்துக்கு மேல் இன்னும் இரண்டு நாள் சம்பளம். ஆக விழா நாள் வருமானம் பெரிதாகத் தெரிந்தாலும் செலவும் சேர்ந்து வருகிறது. மூன்று இனமும் ஒன்றாகக் கூடும் ராத்திரி என்றால் நியூ இயர், மெர்டேக்கா (சுதந்திர நாள்), ஹாலோவீன். வேறு எதுவும் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

வீட்டுக்குப் போக முடியாதவர்களும் உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. ஒரு தீபாவளி ராத்திரி பாக்கி வசூலிக்க ஒரு கடைக்குப் போனேன். மொத்தம் ஆறு பேர். கவுண்டரில் மைலோ டின் நிறைய முறுக்கு. சீன முதலாளி பிரிக்ஃபீல்ட்ஸில் போய் வாங்கி வந்திருந்தார், பக்கத்தில் காகிதத் தட்டில் ஆட்டிறைச்சிப் பிரட்டல். புது ஜிப்பாவோடு ஒரு பையன் ஐஸ் மெஷின் பக்கத்துப் படிக்கட்டுக்குக் கீழே குந்தி, அம்மாவோடு வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தான். பாட்டுச் சத்தம் கேட்காமலிருக்க ஒரு கை போன் வாயைப் பொத்தியிருந்தது. “ஃப்ரெண்டு வீட்ல மா, சாப்டுட்டேன் மா, பிரட்டல் மா” என்றான். அது பொய்யும் இல்லை. அன்றைக்கு அந்தக் கடையின் மொத்த விற்பனை மின்சாரக் கட்டணத்துக்குக் கூடக் காணாது. முதலாளி அப்படியும் மூடவில்லை. இந்த மாதிரி ராத்திரிகளுக்காக ஒரு கடை வேண்டும் என்று தம்பிக்குத் தோன்றினால் அந்த நினைப்பை நான் குறை சொல்ல மாட்டேன். அதைத் தொழில் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இப்போது போலீஸ். இதிலும் விழாவுக்கு ஒரு பங்கு உண்டு. கல்லாவை நிரப்பும் ராத்திரிதான் கடையைக் காட்டிக்கொடுக்கும் ராத்திரியும். 1965 ஜனவரி 1-இல் சான் பிரான்சிஸ்கோவின் கலிபோர்னியா ஹாலில் பாதிரியார்களும் கே அமைப்புகளும் சேர்ந்து நடத்திய புத்தாண்டு நடன விருந்து. வாசலில் நின்ற போலீஸ் உள்ளே போகிற ஒவ்வொருவரையும் படம் பிடித்தது, தடுத்துக் கேட்ட வழக்கறிஞர்களைக் கைது செய்தது. 1967 புத்தாண்டு பிறந்த சில நிமிடங்களில் லாஸ் ஏஞ்சலஸின் பிளாக் கேட் பாரில் வாழ்த்து முத்தம் கொடுத்தவர்களை மஃப்டி போலீஸ் அடித்து இழுத்துப் போனது. பிப்ரவரி 11-இல் அந்தக் கடை முன்னால் நூற்றுக்கணக்கானோர் கூடி மறியல் செய்தார்கள். நியூயார்க்கில் ஒரு கே பாரில் போலீஸை எதிர்த்து எழுந்த ஸ்டோன்வால் கலகத்துக்கு இரண்டு வருஷம் முன்னால் நடந்தது இது.

நமக்குப் பக்கத்தில் சிங்கப்பூர். 2001-இலிருந்து தேசிய நாளை ஒட்டி நேஷன் என்ற பெரிய பார்ட்டி நடந்தது. வட்டாரம் முழுவதிலிருந்தும் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். 2004 கிறிஸ்துமஸுக்கு அதே ஆட்கள் போட்ட ஸ்னோபால் பார்ட்டிக்குப் போலீஸ் அனுமதி மறுத்தது. அடுத்த வருஷம் நேஷனுக்கும் அனுமதி இல்லை. அது புக்கெட்டுக்கு இடம் மாறியது. ஒரு பார்ட்டி போனால் ஓட்டல் அறை, டாக்சி, சாப்பாடு எல்லாக் காசும் அதன் பின்னால் போகும். அன்றைக்குப் போன காசு தாய்லாந்தை விட்டுத் திரும்பவே இல்லை. இத்தனைக்கும் சிங்கப்பூர் 2022 நவம்பரில், ஆணும் ஆணும் உறவு கொள்வதைக் குற்றமாக்கிய 377ஏ சட்டப் பிரிவை நாடாளுமன்றத்தில் நீக்கிவிட்டது.

கே.எல்.-இல் 2018 ஆகஸ்டில் ப்ளூ பாயில் போலீஸ், மாநகர மன்றம், கூட்டரசுப் பிரதேச சமய இலாகா எல்லாம் சேர்ந்து சோதனை போட்டன. 2022 அக்டோபர் 29-இல் ஜாலான் சுல்தான் பழைய ரெக்ஸ் தியேட்டர் கட்டடத்தில் ஹாலோவீன் பார்ட்டி. அங்கேயும் அதே நடைமுறை: முஸ்லிம்களைத் தனியே பிரித்து, 20 பேர் அளவில் கொண்டு போனார்கள். ஹாலோவீன் என்றால் வேஷம். ஆண் பெண் வேஷம் போடுவது கூட்டரசுப் பிரதேச ஷரியா சட்டத்தில் குற்றம். எல்லா ஊரிலும் வேஷக்காரர்களுக்குச் சலுகை கொடுக்கும் ராத்திரி இங்கே சாட்சியாக மாறுகிறது. விழாவுக்குத் தேதி முன்கூட்டியே தெரியும், போஸ்டர் போட வேண்டும், தெரியாதவர்கள் நிறைய வருவார்கள், யாராவது வீடியோ எடுப்பார்கள். சோதனை போடுகிறவருக்கு இதைவிட வசதி வேறு வேண்டாம்.

சட்டத்தைப் பற்றி ஒன்று மட்டும். ‘இயற்கைக்கு மாறானது’ என்று நம் சட்டம் சொல்லும் உடலுறவுக்குக் குற்றவியல் சட்டத்தின் 377பி பிரிவில் 20 வருஷம் வரை சிறையும் பிரம்படியும் உண்டு. அது இந்து, முஸ்லிம் என்று பார்க்காது. அதற்கு மேல் முஸ்லிம்களுக்கு மாநில ஷரியா சட்டங்கள் தனி. உங்கள் கடையில் சோதனை நடந்தால் உங்கள் லைசென்ஸ் போகும், காசு போகும். உங்களை நம்பி வந்த மலாய் நண்பனுக்குப் போவது அதைவிட அதிகம். கடை போடுகிறவர்கள் இதை யோசித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

சரி, எல்லாரும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். சுங்கை சிப்புட் கடைத்தெருவில் ஒரு கடைவீட்டுக் கீழ்த்தளம், வாடகை 2,500 வெள்ளி (ரிங்கிட்). நாலு ஆள், குறைந்தபட்சச் சம்பளம் இப்போது 1,700, ஆக 6,800. முதலாளி பங்கு இ.பி.எஃப். 13 விழுக்காடு, 884. மின்சாரம், ஐஸ், லைசென்ஸ், பாட்டுக்கான உரிமைக் கட்டணம் எல்லாம் சேர்த்து மாதம் 12,000-க்குக் குறையாது. பீரில் என்ன நிற்கும்? 2016 மார்ச்சிலிருந்து கலால் வரி மதுவின் அளவுக்கு. கலப்பில்லாத மது லிட்டருக்கு 175 வெள்ளி. ஐந்து விழுக்காடு பீர் ஒரு லிட்டருக்கு வரி மட்டும் 8.75. 2025 நவம்பரில் அது இன்னும் 10 விழுக்காடு ஏறியது. கே.எல். விலை ஊரில் வைக்க முடியாது. எதிரே சீனன் கோப்பிக் கடையில் அதே பாட்டல் மலிவாகக் கிடைக்கும். பாட்டலுக்கு ஆறு வெள்ளி லாபம் என்று தாராளமாகவே போடுகிறேன். 12,000 வெள்ளிக்கு மாதம் 2,000 பாட்டல் விற்க வேண்டும். 26 ராத்திரி திறந்தால் ராத்திரிக்கு 77. ஆளுக்கு நாலு என்றால் தினமும் இருபது பேர். நீங்கள் சம்பளமே எடுக்காமல்.

மழை பெய்யும் புதன்கிழமை ராத்திரி, மோட்டாரைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே வருகிற இருபது ஆண்பிள்ளைகளைச் சுங்கை சிப்புட்டில் எனக்குக் காட்டுங்கள். நம் ஊரில் முகத்தைப் பார்க்க வேண்டாம், மோட்டார் நம்பரைப் பார்த்தே யார் மகன் என்று சொல்லிவிடுவார்கள். கே.எல்.-இல் கூட்டமாக நிற்கும் அதே கெடா, பேராக் பிள்ளைகள் ஊர்க் கடைக்கு வர மாட்டார்கள். அவர்கள் இவ்வளவு தூரம் செலவு செய்து வருவதே ஊரை விட்டு விலகி நிற்கத்தான். 2010-இல் ஈப்போ வரையும் 2015-இல் பாடாங் பெசார் வரையும் இ.டி.எஸ். மின்சார ரயில் வந்த பிறகு அந்தத் தூரமும் சுருங்கிவிட்டது. சுங்கை சிப்புட் ஸ்டேஷனில் ஏறினால் தெற்கே கே.எல்.; வடக்கே பாடாங் பெசாரில் இறங்கி எல்லை தாண்டினால் தாய்லாந்து ரயில் ஹாட்யாய்க்கு. கொஞ்சம் காசு உள்ளவன் தாய்லாந்துப் புத்தாண்டான சொங்க்ரானுக்குப் பேங்காக்கே போகிறான். ஏப்ரல் நடுவில் அங்கே நடக்கும் ஜி-சர்க்கிட் என்ற கே பார்ட்டிக்குப் போகும் மலேசியர்களுக்குக் கணக்கில்லை. 2025 ஜனவரி 23-இலிருந்து அங்கே ஆணும் ஆணும் கல்யாணமே சட்டப்படி செய்யலாம். உங்கள் கடைக்குப் போட்டி அந்த ரயில்தான், எதிர்க் கடை இல்லை.

இன்னொன்று, தோட்டத்து ஊரில் குடிக்கும் இடம் என்றாலே அதன் மேல் பெண்களின் கண் எப்போதும் உண்டு. அதற்கு நியாயமும் உண்டு. தோட்டத்துக்குத் தோட்டம் கள்ளுக்கடை இருந்த காலத்தில் சம்பளப் பாதி அங்கேயே போனது. 1941 கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் கள்ளுக்கடையை மூடு என்பதும் ஒரு கோரிக்கை. போருக்குப் பிறகு கெடாவில், பீடோங் ஹார்வர்டு தோட்டத்தில் தொண்டர் படை கள்ளுக்கடை மறியலில் இறங்கிப் போலீஸோடு மோதியது. அந்த நினைவு இன்னும் வீட்டுக்கு வீடு இருக்கிறது. புதிதாக ஒரு பார் வருகிறது என்றால் போலீஸுக்கு முன்னால் அம்மாமார் வருவார்கள், கோயில் கமிட்டி வரும், தேர்தல் சமயமென்றால் கட்சிக்காரனும் வருவான். அவர்களுக்கு அது என்ன மாதிரி பார் என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை. தெரிந்தால், ஒரு டிக்டாக் வீடியோ போதும்.

ஆனாலும் ஊரில் எதுவுமே இல்லை என்பதில்லை. பழைய கள்ளுக்கடையிலும் இன்றைய கோப்பிக் கடை பீர் மேசையிலும் இரண்டு ஆண்கள் ராத்திரி ஒரு மணி வரை ஒட்டி உட்கார்ந்திருந்தால் ஒருவரும் கேள்வி கேட்பதில்லை. கராவோக்கே அறைக்குள் நாலு பேர் போய் ஜோடிப் பாட்டு பாடினால் வெளியே யாருக்கும் கவலை இல்லை. திருவிழாவுக்கு வேஷம் கட்டி ஆடுகிறவனைக் கூட்டம் கைதட்டி ரசிக்கும். மறுநாள் காலையில் அதே உடுப்போடு பசாருக்குப் போனால்தான் பிரச்சினை. பெயர்ப் பலகை இல்லாதவரை தோட்டம் நிறையத் தாங்கும். பலகை மாட்டினால் தாங்காது. இது நல்லது என்று நான் சொல்லவில்லை. இளசுகளுக்கு இது எரிச்சலாக இருக்கும், இருக்க வேண்டும். கடை போடுகிறவன் மட்டும் இதைத் தெரிந்துகொண்டு போட வேண்டும்.

அப்படியானால் என்ன செய்யலாம் என்பீர்கள். கே.எல்.-இலேயே விவரமானவர்கள் இப்போது கடை வைப்பதில்லை. வாடகை, ஆள் சம்பளம், நாற்காலி எதுவும் இல்லாமல், வருஷத்தில் நாலைந்து ராத்திரிக்கு வேறு யாருடைய இடத்தையாவது எடுத்துக்கொள்கிறார்கள். இடம் கடைசி நாளில்தான் தெரியும். காசு நிற்கிறது. ஆனால் வார நாளில் போய் உட்கார ஒரு நாற்காலி யாருக்கும் கிடைக்காது; படிக்கட்டுக்குக் கீழே குந்திய அந்தப் பையன் மாதிரி ஆட்களுக்கு அதனால் லாபம் இல்லை. ஊரில் அந்த வழியையும் நான் சொல்ல மாட்டேன். டிக்கெட் போட்டு விற்றால் அது பொழுதுபோக்கு நிகழ்ச்சி, அதற்கு மாநிலச் சட்டப்படி லைசென்ஸ் கேட்பார்கள். தெரியாத ஆள் வருவான், கேமராவும் வரும்.

உங்கள் கை அரிக்கிறதென்றால் சாப்பாடு போடுங்கள். தீபாவளி முடிந்த சனிக்கிழமை, ஒருவருக்கொருவர் தெரிந்த முப்பது பேர். கே.எல். பஸ் ஏறுவதற்கு முன்னால் ஊரிலேயே ஒரு ராத்திரி. ஈப்போ பக்கம் ஓட்டலில் சின்ன மண்டபம் எடுக்கலாம். சுங்கை சிப்புட்டில் வேண்டாம், சமையல்காரன் உங்கள் மாமாவாக இருப்பார். டிக்கெட் இல்லை, போஸ்டர் இல்லை, மேடை இல்லை. வாழையிலைச் சாப்பாடு, யாருக்கு வேண்டுமோ அவரவர் பீர், செலவை முப்பதாகப் பிரிப்பது. மலாய் நண்பர்களைக் கூப்பிட்டால் அந்த மேசையில் பீரே வேண்டாம். முறைக்கிறவர்கள் வராமல் போகட்டும். இதில் உங்களுக்கு லாபம் பூஜ்யம், நட்டமும் கிட்டத்தட்ட பூஜ்யம். இரண்டு மூன்று வருஷம் நடந்து, அந்த முப்பது பேரில் பத்துப் பேர் “மாசா மாசம் வைக்கலாமே” என்று தாமாகக் கேட்டால், அப்போது கணக்குப் புத்தகத்தோடு வாருங்கள், பேசலாம். மண்டபத்துக்கு ஜூலைக்குள் முன்பணம் கட்டிவிடுங்கள். அதற்குப் பிறகு ஐப்பசிக் கல்யாணக்காரர்கள் எல்லாச் சனிக்கிழமையையும் பிடித்துவிடுவார்கள்.